கரிசல் மண் வீடு, சுவரில் வெடிப்பு: அஸ்திவாரத்தைச் சரிசெய்ய 7.8 லட்சம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கோவில்பட்டிமகன் | 2024 ஜூன் 9

அனைவருக்கும் வணக்கம். கோவில்பட்டிக்குக் கிழக்கே எங்கள் ஊர். சுத்தக் கரிசல். 2014-ல் அப்பா ஓய்வு பெற்ற பணத்தில் கட்டிய வீடு. 38-க்கு 25 அடி, தரைத்தளம் மட்டும். பில்லர் கிடையாது, செங்கல் சுவர் மேல் கான்கிரீட் தளம். கடைக்கால் 4 அடி ஆழம், கருங்கல் கட்டு. பிளின்த் பீம் (சுவர்களுக்கு அடியில் தரைமட்டத்தில் ஓடும் கான்கிரீட் உத்திரம்) போடவில்லை. அப்போது கேட்டதற்கு "ஒரு மாடிக்கு எதற்கு அதெல்லாம்" என்று சொல்லிவிட்டார்களாம்.

2023 டிசம்பர் 17, 18 மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய அதே மழை. எங்கள் வீட்டைச் சுற்றி இரண்டு நாள் தண்ணீர் நின்றது. அப்போது ஒன்றும் தெரியவில்லை. மார்ச்சில் வெயில் ஏறியதும் அடுப்படி சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு கோடு விழுந்தது. இப்போது அதில் விரல் நகம் நுழைகிறது. அடுப்படிக் கதவு நிலையில் இடிக்கிறது, மூட வரவில்லை.

மூன்று பேரைக் கூப்பிட்டுக் காட்டினோம்.

முதலாமவர் வீட்டின் வெளிச்சுவர் அஸ்திவாரம் முழுவதையும், 126 அடியையும், 7 அடி ஆழத்துக்குக் கீழே இறக்கிக் கான்கிரீட் போடவேண்டும் என்றார். 7,80,000 ரூபாய். இரண்டாமவர் வெடிப்பில் கெமிக்கல் ஏற்றி அடைத்துவிடலாம், 65,000 போதும், பத்து வருட கேரண்டி என்றார். மூன்றாமவர் எங்கள் ஊர்க்காரர். சுவரைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு "இடித்துக் கட்டுங்கள்" என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அப்பா சரியாகத் தூங்குவதில்லை.

இதில் யார் சொல்வது சரி? கையில் உள்ளது 3 லட்சம். மீதிக்குக் கடன்தான்.

---

மட்டப்பலகை | 2024 ஜூன் 9

தம்பி, நான் 22 வருடமாகக் கட்டட வேலை எடுத்துச் செய்கிறேன், அருப்புக்கோட்டைப் பக்கம். 7,80,000-ஐ 126 அடிக்கு வகுத்தால் அடிக்கு 6,200 வருகிறது. எங்கள் பக்கம் நான் 4,000 முதல் 4,500 வரை வாங்குவேன். அதில் எனக்கு லாபமும் உண்டு.

கணக்கு தெரிந்துகொள்ளுங்கள். ஓர் அடி நீளத்துக்கு, 3 அடி அகலம், கூடுதல் ஆழம் 3 அடி என்றால் 9 கன அடி கான்கிரீட். சிமெண்ட் ஒன்றே முக்கால் மூட்டை போகும். எம்-சாண்ட், ஜல்லி எல்லாம் சேர்த்துச் சரக்கு மட்டும் 1,300, 1,400 ரூபாய். மண் வெட்டுகிற கூலிதான் பெரிது. சுவரோரம் ஜேசிபி விடமுடியாது, ஆள்தான் இறங்கவேண்டும். ஈரக் கரிசலை மண்வெட்டியில் எடுத்துப் பாருங்கள், ஒரு வெட்டுக்கு ஒரு தடவை மண்வெட்டியை வழித்துப் போடவேண்டும்.

இன்னொன்று. இந்த வேலையை ஒரே மூச்சில் தோண்டுகிறவனிடம் கொடுத்துவிடாதீர்கள். 4 அடி நீளத்துக்கு ஒரு குழி, நடுவில் மூன்று குழி இடம் விட்டு அடுத்தது. சுவரில் சுண்ணாம்பால் 1, 2, 3, 4 என்று திருப்பித் திருப்பி எழுதிக்கொண்டு, முதலில் 1 எழுதிய குழிகளை மட்டும் எடுக்கவேண்டும். கான்கிரீட் போட்டதும் பழைய கல் கட்டுக்கும் புதுக் கான்கிரீட்டுக்கும் நடுவில் 3 இஞ்ச் சந்து விடவேண்டும். இரண்டு நாள் கழித்து அந்தச் சந்தில் சிமெண்டும் மணலும் கலந்து, தண்ணீர் தெளித்து, புட்டுக்கு விரவுகிற பதத்தில் வைத்துக் கட்டையால் இடித்து ஏற்றவேண்டும். அதைச் செய்யாவிட்டால் புதுக் கான்கிரீட் சுருங்கும், பழைய சுவர் அந்தச் சந்துக்கு இறங்கும். பணமும் போய் வெடிப்பும் கூடும்.

---

தூக்குக்குண்டு | 2024 ஜூன் 10

மேஸ்திரி அண்ணன் சொன்ன முறை சரி, விலையும் நியாயம். ஆனால் இந்த வீட்டுக்கு அந்த வேலை தேவையா என்பதை யாரும் இன்னும் கேட்கவில்லை. நான் கட்டமைப்புப் பொறியாளர், திருநெல்வேலி.

கரிசலில் உள்ள களிமண் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் காட்டில் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைப் பார்க்கிறோமே, அதேதான் உங்கள் வீட்டுக்குக் கீழேயும் நடக்கிறது. கேள்வி, எவ்வளவு ஆழம் வரை நடக்கிறது என்பது. ஆழமான கரிசலுக்கு அடிப்பக்கம் குடைபோல விரிகிற பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) போடும் முறையை ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிக் கொடுத்தது. அந்தப் பைலுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 2911, ஆழமான கரிசலில் பைல் தரையிலிருந்து குறைந்தது 3.5 மீட்டராவது இறங்கவேண்டும் என்கிறது. அடிக்கணக்கில் பதினொன்றரை. உங்கள் கடைக்கால் 4 அடி. அவர் இறக்குகிறேன் என்பது 7 அடி. கரிசல் அங்கே ஆழமாக இருந்தால், 7,80,000 கொடுத்து ஆடுகிற மண்ணிலிருந்து ஆடுகிற மண்ணுக்கே அஸ்திவாரத்தை மாற்றி வைப்பீர்கள். அவ்வளவுதான் நடக்கும்.

எனவே பணம் எடுக்கும் முன் எனக்கு இவற்றைச் சொல்லுங்கள்:

வெடிப்பு மேலே அகலமா, கீழே அகலமா? மழைக்காலத்தில் அது மூடிக்கொண்டதா? குளியலறைத் தண்ணீர் எங்கே போகிறது? மாடித் தண்ணீர் எங்கே விழுகிறது? சுவரிலிருந்து 20 அடிக்குள் மரம் உண்டா, அது வீட்டுக்கு முந்தியதா பிந்தியதா?

அகலத்தை அளக்க ஸ்கேல் வேண்டாம். ஏடிஎம் கார்டு முக்கால் மில்லிமீட்டர் கனம். எத்தனை கார்டு அடுக்கினால் நுழைகிறது என்று பாருங்கள்.

---

கோவில்பட்டிமகன் | 2024 ஜூன் 11

மேல்முனையில் ஆறு கார்டு நுழைகிறது. கீழே ஒன்றுதான். தென்கிழக்கு மூலை. அங்கிருந்து 9 அடியில் ஒரு வேப்ப மரம். தாத்தா வைத்தது, வீட்டை விட 25 வயது மூத்தது. குளியலறை எதிர் மூலையில், வடமேற்கில். தண்ணீர் மண்ணுக்குள் போகிற குழாய் வழியாகச் செப்டிக் டேங்குக்குப் போகிறது. மாடித் தண்ணீருக்கு இரண்டு குழாய், இரண்டும் வடக்குச் சுவரோரம் ஓர் அடி உயரத்தில் முடிந்துவிடும். நேரே மண்ணில் கொட்டும்.

டிசம்பர் மழைக்கு முன்பே மயிரிழை போல ஒரு கோடு இருந்ததாக அம்மா இப்போது சொல்கிறார். "சுண்ணாம்பு அடிக்கும்போது மறைந்துவிட்டது" என்கிறார்.

---

மனையடிமணி | 2024 ஜூன் 11

தென்கிழக்கு அக்னி மூலை. அதன் மேல் மரத்தின் நிழல் விழக்கூடாது. மரத்தை வெட்டினால் எல்லாம் சரியாகிவிடும்.

---

தூக்குக்குண்டு | 2024 ஜூன் 11

மணி ஐயா, மரத்தில் கைவைக்கச் சொல்லாதீர்கள். வீட்டை விட வயதான மரம். கடைக்கால் எடுத்தபோதே அந்த மூலை மண்ணை அது உறிஞ்சிக் காயவைத்திருந்தது. இன்று வெட்டினால் அந்த மண் இரண்டு மூன்று மழைக்கு மெதுவாக ஊறி, உப்பி, இறங்கிய மூலையை மேலே தள்ளும். வெடிப்பு அப்புறம் வேறு திசையில் வரும். வீடு கட்டிய பிறகு வைத்த மரம் என்றால் கதை வேறு. இப்போதைக்குக் கிளையை மூன்றில் ஒரு பங்கு கழியுங்கள். இலை குறைந்தால் தாகம் குறையும். வருடம் ஒருமுறை கழித்தால் போதும்.

கோவில்பட்டி தம்பி, படம் தெளிவாகிறது. வடக்கே மாடித் தண்ணீரும், அனேகமாகக் குளியலறைக் குழாயும் ஊறவைக்கின்றன. தெற்கே வெயிலும் வேம்பும் காயவைக்கின்றன. ஒரு பக்கம் உப்புகிறது, ஒரு பக்கம் சுருங்குகிறது, நடுவில் சுவர் கிழிகிறது. மேலே அகலமாக இருப்பது மூலை இறங்குவதற்கான அடையாளம்.

இரண்டு காரியம் செய்யுங்கள். உடைந்த கண்ணாடியில் விரல் அகலத்துக்குத் துண்டுகள் வெட்டி வாங்கி, வெடிப்பின் குறுக்கே வைத்து இரண்டு முனையையும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டுங்கள். பூச்சைச் சுரண்டிவிட்டுச் செங்கல்லில் ஒட்டவேண்டும். பக்கத்தில் தேதி எழுதுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும்.

இரண்டாவது மண். 5 அடி ஆழத்திலிருந்து ஒரு கை மண் எடுத்துக் காயவைத்துப் பொடித்து, மெல்லிய சல்லடையில் சலித்து, 10 கிராம் வீதம் இரண்டு பங்கு. 100 மில்லி அளவுக் குழாய் இரண்டில் ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மண்ணெண்ணெய் ஊற்றி மண்ணைப் போட்டுக் கிளறி, ஒரு நாள் அப்படியே விடுங்கள். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது. தண்ணீரில் எவ்வளவு கூடுதலாக நிற்கிறது என்பதுதான் கணக்கு. ஆய்வகத்தில் செய்வதும் இதே சோதனைதான். அங்கே சல்லடையும் தராசும் துல்லியமாக இருக்கும், அதனால் பெரிய முடிவு எடுக்கும் முன் அங்கேயும் கொடுங்கள்.

---

சாத்தூரம்மா | 2024 ஜூன் 12

என் கதையையும் சொல்கிறேன். 2019-ல் எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரில் வெடிப்பு, ஆனால் எனக்குக் கீழேதான் அகலம். உள்ளே டைல்ஸ் தரை நடுவில் தோசை உப்புவது போலத் தூக்கிக்கொண்டது. அஸ்திவாரம் போய்விட்டது, 5 லட்சம் ஆகும் என்றார்கள். என் வீட்டுக்காரர் நகைக்கடன் வரைக்கும் போய்விட்டார்.

அந்த வாரம் என் தம்பி வந்தான். ஒரு வாளித் தண்ணீரில் பாதிப் பாட்டில் சொட்டு நீலத்தைக் கலந்து குளியலறை ஓட்டையில் ஊற்றினான். செப்டிக் டேங்க் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தோம். நீலம் வரவே இல்லை. இன்னொரு வாளி. அதுவும் வரவில்லை. மறுநாள் சுவரோரம் இரண்டடி தோண்டினால் மண் முழுக்க நீலம். குழாய் இணைப்பு விட்டுப்போய் எத்தனை வருடமோ தண்ணீர் எல்லாம் பேஸ்மட்டத்துக்கு அடியில் போயிருக்கிறது.

செலவு: குழாய் மாற்ற 14,000, வீட்டைச் சுற்றி 4 அடி அகலத்துக்குத் தளம் போட 55,000, குளியலறைத் தரை திரும்பப் போட 23,000. ஆக 92,000. குழாய் மாற்றிய பிறகு எட்டு மாதம் காத்திருந்துதான் தரை போட்டோம். மண் காய்ந்து அமர நாள் எடுக்கும் என்று சொன்னார்கள். எட்டு மாதமும் வெளிக் கழிப்பறைதான், மாமியார் பேசிய பேச்சு தனிச் செலவு.

---

ஏரிக்கரை | 2024 ஜூன் 12

எல்லோரும் குழாயை மாற்று, தளம் போடு என்பதால் என் அனுபவத்தையும் எழுதவேண்டியிருக்கிறது. சாத்தூர் அக்கா சொன்ன வைத்தியத்தை நானும் செய்தேன். பலிக்கவில்லை.

சென்னைக்குத் தெற்கே, 2012-ல் வாங்கிய மனை. வாங்கும்போது மேடாக, அழகாக இருந்தது. 2018-ல் வெடிப்பு. சுற்றித் தளம், குழாய், பூச்சு என்று 1,10,000 செலவழித்தேன். அடுத்த வருடம் வரவேற்பறையில் பேரனின் பந்து தானாக வடக்கே உருண்டது. அப்புறம்தான் மண் சோதனை. மேலே எட்டடி கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டி நிரப்பிய மண், அதற்குக் கீழே ஏரிச் சேறு. அங்கே தண்ணீர் ஒரு காரணம் மட்டும், மண்ணே அமுங்கிக்கொண்டிருந்தது.

22 மைக்ரோ பைல் (ஒல்லியான பைல்), அவற்றைச் சுவரோடு பிணைக்கும் பீம், தரை உடைத்துப் போட்டது, மூன்று மாத வாடகை எல்லாம் சேர்த்து 9,60,000. முதலிலேயே மண் சோதனைக்குச் சில ஆயிரம் கொடுத்திருந்தால் அந்த 1,10,000 மிஞ்சியிருக்கும்.

---

டல்லாஸ்தம்பி | 2024 ஜூன் 13

டெக்சஸிலும் இதே களிமண் கதைதான். கோடையில் வீட்டைச் சுற்றிச் சொட்டுக் குழாய் போட்டு அஸ்திவாரத்துக்குத் தண்ணீர் விடுவோம், செடிக்கு விடுவதுபோல. வந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரர் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறார் என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். மூன்றாம் வருடம் என் வீட்டுக்கு அடியில் 11 இரும்புப் பியர் (தாங்கு தூண்) இறக்கவேண்டியதாயிற்று, 14,000 டாலர். இப்போது நானும் காட்டுகிறேன்.

---

மட்டப்பலகை | 2024 ஜூன் 13

தண்ணீர் விடுவதைக் கோவில்பட்டியில் சொல்லாதீர்கள் தம்பி, குடிக்கவே லாரி வரவேண்டும்.

பொறியாளர் சார் சொன்னது மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நான் 7 அடி இறக்கிக் கொடுத்த வீடுகளில் இரண்டு திரும்ப வெடித்திருக்கின்றன. சரக்கு சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டுமே ஆழமான கரிசல். 5 அடியில் சரள் (சிறு கல் கலந்த கெட்டி மண்) வந்த இடங்களில் ஒன்றும் ஆகவில்லை.

---

பாலிசிதாசன் | 2024 ஜூன் 15

இன்சூரன்ஸ் பற்றி யாரும் பேசவில்லை. 2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் பாரத் கிருஹ ரக்ஷா என்ற ஒரே மாதிரியான வீட்டு பாலிசியைக் கொடுக்கவேண்டும். வெள்ளம், புயல், நிலநடுக்கம், வீடு நிற்கும் நிலம் உள்வாங்குதல், நிலச்சரிவு எல்லாம் அதில் உண்டு. உற்சாகப்படாதீர்கள். புதுக் கட்டடம் அமர்வதால் வரும் வழக்கமான வெடிப்பு, நிரப்பிய மண் அமுங்குதல், வடிவமைப்புக் கோளாறு, மட்டமான வேலை இவற்றுக்குக் கிடையாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. ஏரிக்கரை சாருக்குப் பத்துப் பைசா வராது. கோவில்பட்டி நண்பருக்கு, வெள்ளம் வந்த உடனே எழுதிக் கொடுத்திருந்தால் வாதாட இடம் இருந்திருக்கும். ஆறு மாதம் கழித்துக் கடினம்.

கடன் எடுத்தால் பழுதுபார்ப்புக் கடன் என்றே எடுங்கள். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு, சொந்தக் குடியிருப்பு என்றால், அந்த வட்டியில் வருடம் 30,000 வரை கழித்துக்கொள்ளலாம். தனிநபர்க் கடனை விட வட்டியும் பொதுவாகக் குறைவு.

---

புதுவில்லா | 2024 ஜூன் 16

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 2021-ல் பில்டரிடம் வில்லா வாங்கினோம், இப்போது இதே போன்ற வெடிப்பு. பில்டர் "சுவர் என்றால் வெடிக்கத்தான் செய்யும்" என்கிறார்.

---

பாலிசிதாசன் | 2024 ஜூன் 16

ரெராவில் (வீடு கட்டி விற்பவர்களை ஒழுங்குபடுத்தும் சட்டம்) பதிவான திட்டம் என்றால் அதன் பிரிவு 14(3)-ஐப் படியுங்கள். சாவி கொடுத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டமைப்புக் குறை தெரியவந்து நீங்கள் சொன்னால், 30 நாளுக்குள் அவர் செலவிலேயே சரிசெய்யவேண்டும். இல்லாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். வாயால் சொல்லாதீர்கள். பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அளவுகோல் வைத்து எடுத்த படத்தோடு. உங்களுக்கு இன்னும் ஒன்றரை இரண்டு வருடம்தான் இருக்கிறது.

---

கோவில்பட்டிமகன் | 2024 ஜூலை 2

மண் சோதனை செய்தேன். அளவுக் குழாய் அக்கா வேலை பார்க்கும் பள்ளியிலிருந்து இரவல். மண்ணெண்ணெய்தான் பெரிய பாடு, மூன்று ஊர் அலைந்து ஒரு பழைய பம்புசெட்டுக்காரரிடம் கால் லிட்டர் வாங்கினேன். மண்ணைத் தோசைக்கல்லில் காயவைத்ததற்கு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பார்த்தால் மண்ணெண்ணெயில் 10 மில்லி. தண்ணீரில் 18. அப்பா வெகுநேரம் அந்த இரண்டு குழாயையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

நீலத் தண்ணீரும் ஊற்றினேன். வந்தது, ஆனால் ஊற்றியதில் பாதிதான் வந்திருக்கும். ஐந்து கண்ணாடி ஒட்டியிருக்கிறேன்.

---

தூக்குக்குண்டு | 2024 ஜூலை 2

80 சதவீதம். 50-ஐத் தாண்டினாலே நன்றாக உப்புகிற மண். இனி ஆய்வகத்துக்குக் கொடுத்து, கையால் துளையிட்டுக் கரிசல் எவ்வளவு ஆழம் என்று பார்த்துவிடுங்கள். பக்கத்துப் பொறியியல் கல்லூரியின் சிவில் துறையில் விசாரியுங்கள்.

குழாயும் மாடித் தண்ணீரும் உடனே செய்யவேண்டியவை. சுற்றுத் தளம் மழைக்கு முன் போடுங்கள், ஆனால் வெறும் கான்கிரீட் வேண்டாம். ஒன்றரை அடி கரிசலை எடுத்துவிட்டுச் சரள் போட்டு இடித்து, மேலே தடித்த பாலிதீன் விரித்து, 3 இஞ்ச் கான்கிரீட். வெளிப்பக்கம் 2 இஞ்ச் சரிவு. சுவரோடு சேர்த்துக் கட்டவே கூடாது. நடுவில் அரை இஞ்ச் விட்டுத் தார் ஊற்றுங்கள். ஐந்தாறு அடிக்கு ஒரு வெட்டு விடுங்கள். கொத்தனார் "சேர்த்துப் பூசினால்தானே அழகு" என்பார். விடாதீர்கள்.

வெடிப்பை இப்போது தொடாதீர்கள். கெமிக்கல் ஏற்றினால், மழையில் மூலை மேலே வரும்போது சுவர் மூட இடம் இருக்காது, பக்கத்தில் புதிதாக வெடிக்கும். பத்து வருட கேரண்டி கொடுத்தவர் எந்த மண்ணுக்குக் கொடுத்தார் என்று கேளுங்கள்.

---

கோவில்பட்டிமகன் | 2025 மார்ச் 16

பழைய உரையாடலைத் தோண்டி எடுத்ததற்கு மன்னிக்கவும். ஆய்வக அறிக்கையில் கரிசல் 13 அடி வரை என்று வந்தது. 7 அடி திட்டத்தை அன்றே விட்டோம். தூக்குக்குண்டு சார் பழக்கத்தில் ஒரு பொறியாளர் இரண்டு முறை நேரில் வந்து பார்த்தார்.

ஆகஸ்டில் குழாய், செப்டம்பரில் சுற்றுத் தளம். நவம்பர் கடைசியில் அந்த வெடிப்பில் இரண்டு கார்டுதான் நுழைந்தது. ஒட்டிய ஐந்து கண்ணாடியில் மூன்று உடைந்துவிட்டன, மூடும்போது நொறுங்கியவை. ஜனவரியில் புதிது ஒட்டினேன். இனி கோடை என்ன சொல்கிறதென்று பார்க்கவேண்டும்.

தளம் போடும்போது நடந்த ஒரு கூத்து: நான் வேலைக்குப் போயிருந்த அரை நாளில் மேற்குச் சுவரில் 20 அடிக்குச் சேர்த்துப் பூசிவிட்டார்கள். சாயங்காலம் வந்து அப்பாவும் நானும் உளியால் வெட்டினோம்.

---

சாத்தூரம்மா | 2025 மார்ச் 17

அந்த 20 அடியையும் விடாமல் வெட்டினீர்கள் பாருங்கள். எங்கள் வீட்டில் அப்படிச் சேர்த்துப் பூசியதை வெட்டாமல் விட்டுத்தான் தளம் தனியாக ஒரு கோடு விட்டது.

---

கோவில்பட்டிமகன் | 2025 அக்டோபர் 5

கோடை முடிந்தது. ஜனவரியில் ஒட்டிய ஐந்தில் நான்கு முழுசாக இருக்கின்றன. மே மாத உச்ச வெயிலிலும் இரண்டு கார்டுக்கு மேல் நுழையவில்லை. ஆகஸ்டில் வெடிப்பைத் தைத்தோம்: நான்கு வரிக்கு ஒன்றாகச் செங்கல் இடுக்கைக் கீறி, 3 அடி நீளத் துருப்பிடிக்காத கம்பி வைத்து, சுருங்காத கலவையால் அடைத்து, மேலே பூச்சு.

கேட்டவர்களுக்காக மொத்தச் செலவு. பொறியாளர் இரண்டு வருகையும் அறிக்கையும் 12,000. துளையிட்டு மண் சோதனை 14,000. குளியலறைக் குழாய் முழுதும் மாற்றி டேங்க் இணைப்பு 21,500. சுற்றுத் தளம் 81,000. இதில் சரள் மட்டும் எட்டரை யூனிட். மாடித் தண்ணீர்க் குழாய்களை நீட்டி 15 அடி தள்ளி வாய்க்காலில் விட்டது 9,000. வெடிப்புத் தையலும் பூச்சும் 27,500. வேம்பு கழித்தது 3,000. அடுப்படிக் கதவைக் கழற்றி இழைத்து மாட்டியது 2,000. ஆக 1,70,000. கடன் வாங்கவில்லை.

பணத்தை விடப் பெரிய செலவு காத்திருந்ததுதான். பதினைந்து மாதம் அந்த வெடிப்பைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். வந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் ஒரு மேஸ்திரி பெயரைச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

சார், ஒரு சந்தேகம். உடைந்த அந்த ஒன்று 5-ஆம் நம்பர், வேம்புப் பக்கம் இருக்கிறது. ஜூலையில் உடைந்தது. பயப்படவேண்டுமா?

---

மட்டப்பலகை | 2025 அக்டோபர் 5

81,000 சரியான விலை தம்பி. இப்போது சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆகிவிட்டது, கொஞ்சம் குறைந்திருக்கும். நான் இப்போது யார் கூப்பிட்டாலும் முதலில் ஒரு பாட்டில் நீலம் எடுத்துக்கொண்டுதான் போகிறேன். போன மாதம் ஒரு வீட்டில் நீலம் அப்படியே பக்கத்து வீட்டுக் கிணற்றில் வந்தது. அது வேறு பஞ்சாயத்து.

---

தூக்குக்குண்டு | 2025 அக்டோபர் 6

ஒரு கண்ணாடிக்குப் பயப்படவேண்டாம், ஆனால் கவனிக்கவேண்டும். மரம் நிற்கும் வரை அந்த மூலை கொஞ்சம் அசையும். இரண்டு வருடம் பார்த்தும் அசைவு கூடிக்கொண்டே போனால், அந்த மூலைக்கு மட்டும் மூன்று நான்கு பைல் இறக்கலாம். வீடு முழுக்கத் தேவையில்லை. இந்த வருடக் கிளை கழித்தாயிற்றா?

---

கோவில்பட்டிமகன் | 2025 அக்டோபர் 6

இன்னும் இல்லை சார். அம்மா தை பிறக்கட்டும் என்கிறார். 5-ஆம் நம்பரில் புதுக் கண்ணாடி நேற்று ஒட்டிவிட்டேன். தேதியை அப்பா எழுதினார்.

---

தூக்குக்குண்டு | 2025 அக்டோபர் 6

சரி. மழை முடிந்ததும் ஜனவரியில் ஒரு படம் போடுங்கள். கார்டையும் சேர்த்து.